சிறு கருவிகளை நடத்தும் சிறு முறைமை



இன்றைய யாழ்ப்பாணத்து வீடொன்றில் எத்தனை கணினிகள் உள்ளன என்று வினவினால், ஒன்று என்றோ இரண்டு என்றோ விடை வரும். எங்கள் வீட்டில் கணினியே இல்லை என்பாரும் உளர். சற்றே எண்ணிப் பார்த்தால் விடை வேறாகும். கையிலுள்ள தொலைபேசி ஒரு கணினி. கூரையில் பதித்த சூரியத் தகடுகளின் மின்னை வீட்டு மின்னாக மாற்றித் தரும் பெட்டிக்குள் ஒரு கணினி உண்டு. சலவை இயந்திரத்தில் ஒன்று, தொலைக்காட்சிப் பெட்டியில் ஒன்று, கடை வாயிலைக் கண்காணிக்கும் கமெராவில் ஒன்று. பருத்தித்துறையிலிருந்தோ குருநகரிலிருந்தோ கடலுக்குப் போகும் படகில், உள்ளங்கையளவான ஜி.பி.எஸ். கருவியினுள்ளும் ஒன்று. திரையும் விசைப்பலகையும் இல்லாமையால் இவற்றை நாம் கணினி என்று அழைப்பதில்லை. வேறொரு பொருளின் வயிற்றுக்குள் பொதிந்து கிடந்து, ஒரே தொழிலை ஓயாது செய்யும் இவற்றை உட்பொதிந்த முறைமைகள் என்று அறிவியலார் கூறுவர்.

கணினி என்பது வெறும் சில்லும் கம்பியும் அன்று. அதற்குள் வேலைகளை வகுத்து நடத்தும் ஒரு மேலாளன் வேண்டும். அந்த மேலாளனை நமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்றும், தமிழ்நாட்டார் இயங்குதளம் என்றும் வழங்குவர். பெரிய கணினிகளை நடத்தும் மேலாளரின் பெயர்கள் பலருக்குத் தெரியும். சிறிய கருவிகளுக்குள் இருந்து பணி செய்யும் சிறிய மேலாளரைப் பற்றி அறிந்தோர் சிலரே. இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

பணிசெயல் முறைமை செய்யும் தொழிலை விளங்கிக்கொள்ளக் குடாநாட்டார் வெளியே உவமை தேட வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கிய மழைநீரைக் கிணற்றின் வழியே எடுத்தே வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளைந்தன. ஒரு கிணற்றில் பலருக்குப் பங்கு இருக்கும். காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் சேர்த்தே எழுதப்படும். இன்ன நாளில், இன்ன நேரத்தில் இன்னார் இறைப்பார் என்று முறை வகுத்திருப்பர். கிணறு ஒன்று, துலா ஒன்று, தோட்டமோ பல. முறை தவறாதிருந்தால் எல்லாத் தோட்டமும் நனையும். முறை குலைந்தால் ஒருவர் தோட்டத்தில் வெள்ளமும் இன்னொருவர் தோட்டத்தில் வெடிப்பும் காணலாம்.

கணிக்கும் சில்லு அந்தக் கிணற்றைப் போன்றது. சிறு சில்லுகளிற் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யக்கூடியவை. ஆயினும் கருவிக்குள் வேலைகள் பல காத்திருக்கின்றன. பொத்தான் அழுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். திரையில் எழுத வேண்டும். பற்றரியின் நிலையை அளக்க வேண்டும். வெளியே இருந்து வரும் செய்தியைக் கேட்க வேண்டும். எந்த வேலைக்கு எப்பொழுது முறை, எவ்வளவு நேரம், எந்த வேலை எதற்காகக் காத்திருக்க வேண்டும், நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது பணிசெயல் முறைமை. முறை மாறும் வேகம் மிகுதியாதலால் எல்லாம் ஒருங்கே நடப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் மேசைக் கணினியிலுள்ள பெரிய முறைமையையே சிறு கருவிக்குள்ளும் வைத்துவிடலாகாதா என்று கேட்கலாம். ஆகாது. அதற்குக் காரணங்கள் மூன்று: இடம், மின், காலம்.

முதலாவது இடம். மாணவர்கள் வாங்கிப் பழகும் ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் சில்லில் நிரலை எழுதிவைக்க 32 கிலோபைற்று இடமும், வேலை செய்யும்போது குறிப்பு எழுதிக்கொள்ள 2 கிலோபைற்று இடமுமே உள்ளன. தமிழ் எழுத்துக் குறியொன்றைச் சேமிக்க இக்காலத்தில் பெரும்பாலும் 3 பைற்று தேவைப்படுகிறது. ஆகவே அந்த 2 கிலோபைற்றில் ஏறத்தாழ 700 குறிகளே அடங்கும். ஒரு தபாலட்டையில் எழுதும் செய்திக்கு மேற்படாது. மேசைக் கணினியின் முறைமைக்கோ கோடிக்கணக்கான பைற்றுகள் வேண்டும். குருவிக் கூட்டில் யானையைக் கட்ட இயலாது. ஆதலால் தேவையற்ற யாவற்றையும் களைந்து, முறை வகுக்கும் கருவை மட்டும் வைத்துக்கொண்ட சிறு முறைமைகள் எழுந்தன. 2003 இல் றிச்சர்ட் பரி என்பவர் வெளியிட்ட ஃபிறீ ஆர்.ரி.ஓ.எஸ். அவற்றுள் ஒன்று. அதன் கரு சில கிலோபைற்று இடத்திலேயே அமர்ந்துவிடும். எவரும் விலையின்றி எடுத்துப் படிக்கவும் திருத்தவும் கூடியவாறு அது வெளியிடப்பட்டமையால் உலகெங்கும் பரவியது.

இரண்டாவது மின். இதன் அருமையைக் குடாநாட்டாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 முதல் பல ஆண்டுகள் இங்கே மின்சாரம் இல்லை. பற்றரிகள் உள்ளே வருவதற்கும் தடை இருந்தது. அந்நாளில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழும் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தியைக் கேட்ட வீடுகள் எத்தனையோ. சைக்கிள் டைனமோ தரும் மின் ஏறத்தாழ 3 வாற்று. அதனுள் ஒரு குடும்பம் உலகச் செய்தி முழுவதையும் கேட்டது. இருக்கும் சிறிதளவைக் கொண்டு இன்றியமையாததை முடிப்பது எவ்வாறு என்பதே அன்று எழுந்த வினா. சிறு கருவியைப் படைப்போர் எதிர்கொள்வதும் அதே வினாதான். அவர்கள் கண்ட வழி உறக்கம். செய்ய வேலை இல்லாத கணத்திலேயே பணிசெயல் முறைமை சில்லை உறங்க வைத்துவிடும். உறங்கும் சில்லு மில்லியம்பியரின் ஆயிரத்தில் சில பங்கு மின்னையே உண்ணும். மணி அடித்தாலோ பொத்தான் அழுந்தினாலோ விழித்து, வேலையை முடித்து, மீண்டும் உறங்கும். சுவர்க் கடிகாரத்திலுள்ளது போன்ற சிறு பற்றரியைக் கொண்டே சில அளவைக் கருவிகள் ஆண்டுக்கணக்கில் உழைப்பது இந்த உறக்கத்தின் பயன். சூழலுக்கேற்ற நுட்பம் என்பதற்கு எழுவைதீவிலும் ஒரு சான்று உண்டு. பெருநிலத்து மின்கம்பி எட்டாத அத்தீவில் காற்றாலை, சூரியத் தகடு, பற்றரி, டீசல் இயந்திரம் ஆகிய நான்கையும் இணைத்து மின் வழங்கும் அமைப்பை நிறுவினர். காற்று வீழ்ந்ததா, முகில் மறைத்ததா, பற்றரியில் எவ்வளவு மீதி என்பதைக் கணந்தோறும் அளந்து, எதை எப்பொழுது ஏவுவது என்று முடிவு செய்தால்தான் அத்தகைய அமைப்பு நிலைக்கும். அதனைச் செய்வன உட்பொதிந்த கணினிகளே.

மூன்றாவது காரணம் காலம். மூன்றிலும் இதுவே முதன்மையானது. மேசைக் கணினி ஒரு விநாடி தாமதித்தால் நாம் சற்று முகஞ் சுளிப்போம், அவ்வளவுதான். மோட்டர் வாகனத்தின் தடையை ஆளும் கணினி தாமதித்தால் உயிர் போகும். ஆகவே இத்தகைய கருவிகளில் சரியான விடை என்பது உரிய காலத்துக்குள் வந்த விடை. காலம் கடந்து வந்தது சரியாயினும் பிழையே. உரிய காலத்தை உறுதிசெய்யும் முறைமைகளை மெய்நேரப் பணிசெயல் முறைமைகள் என்பர். வேகம் வேறு, காலந் தவறாமை வேறு. வேகமாக ஓடி நினைத்தபோது வரும் பேருந்தைவிட, மெல்ல ஓடினும் சொன்ன நேரத்துக்கு வரும் பேருந்தே பயணிக்கு உதவும்.

மீனவர் கையிலுள்ள ஜி.பி.எஸ். கருவியும் காலத்தை நம்பியே நிற்கிறது. வானத்திலுள்ள செய்மதிகள் தத்தம் நேரத்தை இடைவிடாது ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் குறிகளைக் கேட்டு, அவை வந்துசேரக் கொண்ட கால வேறுபாட்டிலிருந்து தன் இருப்பிடத்தைக் கருவி கணிக்கிறது. வானொலி அலை ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில் 300 மீற்றர் சென்றுவிடும். ஆதலால் கால அளவையிற் சிறு வழு நேரினும் இடம் பெரிதாய்ப் பிழைக்கும். பாக்கு நீரிணையில் இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த எல்லைக்கோடு கடலின் மேல் எழுதப்படவில்லை. அங்கே வேலியுமில்லை, கல்லுமில்லை. இருட்டில் ஓடும் பதினெட்டு அடிப் படகுக்கு அக்கோடு அந்தச் சிறு திரையிலேதான் தெரிகிறது. கோட்டைத் தாண்டியவர் மறியலுக்குப் போக நேரிடுகிறது. வலை விட்ட இடத்தைக் குறித்துவைப்பதும், புயற்காற்றில் துறைமுகத்துக்குத் திசை காட்டுவதும் அதே கருவிதான். ஒரு குடும்பத்தின் அன்றாட உணவு அக்கருவிக்குள் இருக்கும் சிறு மேலாளனின் ஒழுங்கிலே தங்கியிருக்கிறது என்றால் அது மிகையன்று.

காலத்தைக் காப்பதற்கு வேலைகளைத் தரம் பிரிக்க வேண்டும். இக்கலையை உலகம் கற்றுக்கொண்ட பெருநிகழ்ச்சிகள் இரண்டு. 1969 யூலை 20 இல் அப்பலோ 11 விண்கலத்தினர் சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கலத்தின் கணினி 1202 என்னும் அபாயக் குறியைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அக்கணினியில் எழுதி அழிக்கக்கூடிய இடம் ஏறத்தாழ 4 கிலோபைற்று. நிலையான நிரலுக்கு ஏறத்தாழ 70 கிலோபைற்று. அப்போது தேவைப்படாத றேடார்க் கருவியொன்றின் குறிகள் அதன் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தன. ஆயினும் கணினி மயங்கி விழவில்லை. ஹால் லேனிங் என்பார் வகுத்த முறைப்படி, முக்கியம் குறைந்த வேலைகளைக் கைவிட்டு, கலத்தை இறக்கும் வேலையை மட்டும் விடாது பிடித்துக்கொண்டது. மனிதர் நிலவில் இறங்கினர். எல்லாவற்றையும் செய்ய முடியாதபோது எதைக் கைவிடலாம் என்று முன்கூட்டியே அறிந்திருந்ததே அந்தச் சிறு முறைமையின் பெருமை.

இரண்டாவது நிகழ்ச்சி செவ்வாய்க் கிரகத்தில். 1997 யூலை 4 இல் அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, சில நாளில் அடிக்கடி தானாகவே நின்று மீண்டும் தொடங்கலாயிற்று. அதில் இருந்தது வி.எக்ஸ். வேர்க்ஸ் என்னும் மெய்நேர முறைமை. நிகழ்ந்த கோளாற்றைத் தோட்ட வேலையாக மாற்றிச் சொல்லலாம். ஒரு கூலியாள், மூன்று வேலை. வெங்காயத்துக்குத் தண்ணீர் விடுவது முதல் தரம்; வேலி அடைப்பது இரண்டாந் தரம்; மாட்டுக் கொட்டிலைக் கழுவுவது மூன்றாந் தரம். தண்ணீர் அள்ளும் வாளியோ ஒன்றுதான். ஆள் வாளியுடன் கொட்டிலைக் கழுவிக்கொண்டிருக்கிறான். வெங்காயத்துக்கு நேரம் வந்தது. வாளி கொட்டிலில் மாட்டிக்கொண்டது. கொட்டில் வேலை முடிந்தால்தான் வாளி வெளியே வரும். அந்த வேளையில் வேலி வேலை வந்துவிட்டது. கொட்டிலைவிட வேலி உயர்ந்ததாகையால் ஆள் கொட்டிலை விட்டு வேலிக்குப் போய்விட்டான். வாளி சும்மா கிடக்க, முதல் தரமான வெங்காயம் இரண்டாந் தரமான வேலிக்காகக் காத்து வாடுகிறது. பாத்ஃபைண்டரில் வானிலை அளக்கும் சிறு வேலை பொதுவான தரவு வழியொன்றின் பூட்டைப் பிடித்திருந்தது. செய்தி அனுப்பும் நடுத்தர வேலை குறுக்கே வந்தது. தரவு வழியை ஆளும் முதல் வேலை காத்துக் கிடந்தது. முதல் வேலை நடைபெறவில்லை என்று கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ கேடு நேர்ந்தது என்று கருதிக் கணினியையே நிறுத்தித் தொடக்கியது.

இதற்குப் பரிகாரம் எளிது. உயர்ந்தவர் காத்திருக்கும் வாளியை யார் வைத்திருக்கிறாரோ, அவருக்கு அதைத் திருப்பித் தரும்வரை அந்த உயர்ந்த தரத்தையே கொடுத்துவிட வேண்டும். அந்த ஏற்பாடு முறைமைக்குள் முன்னரே இருந்தது; இயக்காமல் விட்டிருந்தனர். பொறியியலாளர் அதே போன்ற கணினியில் பூமியிலே கோளாற்றை வரவழைத்துக் கண்டறிந்து, கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த கலத்துக்குத் திருத்தத்தை அனுப்பினர். கோளாறு நீங்கியது. தொலைவிலுள்ள கருவியைத் திருத்தும் வழியை முன்கூட்டியே வைத்திருந்தமை இங்கே கருதத்தக்கது. அதனை நாம் பின்னர் மீண்டும் எண்ணிப் பார்ப்போம்.

இனிக் கையடக்கக் கருவிகளுக்கு வருவோம். 1996 இல் வெளிவந்த பாம் பைலற் என்னும் கருவி, 128 கிலோபைற்று நினைவகத்தைக் கொண்டு நாட்குறிப்பும் முகவரியும் காத்தது. இரண்டு சிறு பற்றரிகளில் வாரக்கணக்கில் ஓடியது. 1998 இல் இலண்டனில் தொடங்கிய சிம்பியன் என்னும் முறைமை நொக்கியாவின் தொலைபேசிகளில் ஏறி உலகை வலம் வந்தது. அக்காலத்தில் நம் அண்டை நாட்டிலும் ஒரு பெருமுயற்சி நடந்தது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களான சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோர், என்கோர் நிறுவனத்தாருடன் சேர்ந்து, எழுத்தறியாத கிராமத்தவரும் கையாளத்தக்க மலிவான கையடக்கக் கணினியொன்றைப் படைத்தனர். சிம்பியூட்டர் என்பது அதன் பெயர். முதல் மாதிரி 2001 ஏப்பிரலில் வெளியாயிற்று. 206 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள சில்லும், 64 மெகாபைற்றுக்கு மேற்படாத நினைவகமும் கொண்ட அதற்குள் லினக்ஸ் முறைமையைச் சுருக்கி அமைத்தனர். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கி, எவரும் திருத்தலாம் என்று திறந்துவைத்த முறைமை அது. திறந்திருந்தமையாலேயே இந்திய மொழிகளில் எழுத்துக் காட்டவும், எழுத்தை உரக்கப் படிக்கவும் அதனைப் பழக்க முடிந்தது. ஒரு கருவியை ஊரார் பலர் பகிர்வதற்காக ஆளுக்கொரு அட்டையும் ஏற்பாடாயிற்று. பங்குக் கிணற்றின் கருத்தை இங்கே மறுபடி காண்கிறோம்.

2004 இல் சிம்பியூட்டர் ஏறத்தாழ 10,000 இந்திய ரூபா விலையிற் கடைக்கு வந்தது. கிராமத்துக் கைக்கு அந்த விலை எட்டவில்லை. எதிர்பார்த்த அளவு விற்கவுமில்லை. அதற்குள் மலிவான தொலைபேசிகள் வந்துவிட்டன. ஆனால் அதன் கருத்துத் தோற்கவில்லை. அதே லினக்ஸ் கருவின் மேல் எழுந்த அண்ட்ரொயிட் முறைமை 2008 இல் முதல் தொலைபேசியில் ஏறியது. இன்று நெல்லியடிச் சந்தையில் மரக்கறி விற்பவரும் அதனைக் கையில் வைத்துத் தமிழிலேயே செய்தி அனுப்புகிறார்.

நேயர்களே, இவ்வளவும் சொன்னபின், நம் நலத்தோடு நேராகத் தொடர்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். கிணற்றை வெட்டிவிட்டால் மட்டும் போதாது. கோடையில் இறைத்துச் சேறு அள்ள வேண்டும். கருவியின் உள்முறைமைக்கும் அத்தகைய பராமரிப்பு வேண்டும். உடல் நன்றாயிருக்கவே உள்ளே கெட்டுப்போகும் கருவிகள் பல.

ஜி.பி.எஸ். முறை வாரங்களை 1980 சனவரி 6 முதல் எண்ணி வருகிறது. பழைய ஏற்பாட்டில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 1,024 வாரங்களுக்கே போதுமானது. அதாவது 19 ஆண்டுகளுக்குச் சற்று மேல். நிறைந்ததும் எண் சுழியத்துக்குத் திரும்பிவிடும். அவ்வாறு 1999 ஓகஸ்ற்றிலும் 2019 ஏப்பிரலிலும் திரும்பியது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில, நாளைப் பல ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டின. நியூயோர்க் மாநகரின் கம்பியில்லா வலையமைப்பு ஒன்றே இதனால் 2019 இல் தடுமாறியது. அடுத்த முறை 2038 நவம்பரில் வரும். அதே 2038 சனவரி 19 இல் இன்னொரு இடர் காத்திருக்கிறது. 1970 முதல் விநாடிகளை எண்ணும் பழைய முறைமைகளில் 32 இரும எண்களாலான இடம் அன்று நிரம்பிவிடும். புதிய முறைமைகளில் இதனைத் திருத்திவிட்டனர். ஆனால் சுவருக்குள்ளும் கூரை மேலும் பதித்துவிட்டு நாம் மறந்துபோன கருவிகளை யார் திருத்துவார்?

காவலுக்கு வைத்த கருவியே கள்வனுக்குத் துணைபோவதும் உண்டு. 2016 இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட இலட்சக்கணக்கான கமெராக்களையும் இணையப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல் அந்தப் படையைக் கொண்டு நடத்திய தாக்குதலால் அமெரிக்காவின் பெரும்பகுதியில் பல இணையத்தளங்கள் மணிக்கணக்கில் எட்டாமற் போயின. அக்கமெராக்களின் சொந்தக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. அவை வழமைபோல் வாயிலைப் பார்த்துக்கொண்டேயிருந்தன.

ஆகவே கருவி வாங்கும்போது விலையையும் மினுக்கத்தையும் மட்டும் பார்த்தல் போதாது. இதன் உள்முறைமையை எத்தனை ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவீர்கள் என்று கேட்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். தொலைபேசி புதுப்பிக்க அனுமதி கேட்டால் தட்டிக் கழிக்கலாகாது. கடலுக்குப் போவோர், பழைய கருவி காட்டும் நாள் சரிதானா என்று இடையிடையே பார்த்துக்கொள்வது நன்று. நாள் பிழைத்திருந்தால், அக்கருவி கவனிப்பாரின்றி இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இளைஞருக்கு ஒரு சொல். சிறு முறைமைகளில் முதன்மையான பல இன்று திறந்த ஏடுகளாக இருக்கின்றன. பெரிய ஆய்வுகூடமோ பெரும் பணமோ இல்லாமலே, ஒரு சிறு பலகையை வைத்துக்கொண்டு அவற்றைப் படிக்கலாம், பிரிக்கலாம், திருத்தலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. குடாநாட்டுப் பாடசாலைகளில் கணினிப் பாடம் இருக்கிறது. கிணற்று நீர் உவராகிறதா என்று அளந்து சொல்லும் கருவியோ, தோட்டத்து ஈரத்தைப் பார்த்து இறைப்பு இயந்திரத்தை நிறுத்தும் கருவியோ நம் ஊர் நிலைக்கேற்ப நம்மவர் கையாலேயே உருவாகக்கூடும். வெளியூரார் செய்து மூடி அனுப்பிய பெட்டியை நம்பி வாழ்வோர், அது பழுதுபடும் நாளில் கைகட்டி நிற்பர். உள்ளேயிருக்கும் முறையை அறிந்தோர் அதனைத் திறந்து திருத்துவர். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளிலிருந்து வானொலியைப் பேசவைத்த ஊருக்கு இந்தக் கல்வி புதிதன்று.